வெடிவழி அடைப்புக் குழு

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஒவீட் ஷெராமி உதவி எண்ணை அழைத்தார். அந்த நேரத்தில் வரிசை குறைவாக இருக்கும் என்று அவர் மனைவி எர்லின் சொல்லியிருந்தாள். குறைவாகத்தான் இருந்தது. ஏழு நாற்பதுக்கு ஒரு பெண் எடுத்தாள்.

"கூட்டு மீட்பு மையம். நான் டேனா. உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம். இப்ப நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா சார்?"

"சமையல்கட்டுல இருக்கேம்மா."

"அடுப்பு எரியுதா?"

"காப்பி கொதிக்குது."

"அத அணைச்சிட்டு வாங்க சார். நான் காத்திருக்கேன்."

அணைத்துவிட்டு வந்தார்.

கடலுக்கடியில் கம்பெனியின் எண்ணெய்க் கிணறு உடைந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. எங்கள் கரையிலிருந்து ஐம்பது மைல். ஐயாயிரம் அடி ஆழம். எண்ணெய் இப்போது எங்கள் விரிகுடாவின் வாய்க்கு ஆறு மைலில் நின்றது.

"தெக்குக் காத்து அடிச்சா மூணே நாள்ல உள்ள வந்துரும்," என்றார் ஒவீட். "எனக்கு நூத்தம்பது ஏக்கர் சிப்பிப் படுகை இருக்கு. எண்ணெயத் தடுக்குற மிதவை வேலி வேணும். மூவாயிரம் அடி இருந்தா வாயை அடைச்சிரலாம்."

இறால் ஓடும். மீன் ஓடும். சிப்பி ஓடாது. வருடா வருடம் பழைய ஓடுகளைப் படகு படகாக அடியில் கொட்டவேண்டும். அவற்றில் குஞ்சுச் சிப்பி வந்து ஒட்டும். சந்தைக்குப் போகிற அளவு வளர மூன்று வருடம். ஒவீட் முப்பத்தெட்டு வருடமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல எண்ணெய் பட்டிருக்கா சார்?"

"இல்ல."

"எண்ணெய் பட்ட பறவை ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லம்மா. அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடிதான் வேலி கேக்குறேன்."

"எங்கிட்ட மூணு பிரிவுதான் இருக்கு சார். பட்டவங்க, பறவை, அப்புறம் கிணத்த எப்படி மூடலாம்னு பொதுமக்கள் யோசனை."

"எனக்கு யோசனை ஒண்ணும் இல்ல."

"யோசனை இல்லாம கம்ப்யூட்டர் திரை அடுத்ததுக்கு நகராது சார்."

"சரி, நான் போன வெச்சிடறேன்."

"வெச்சா அழைப்பு அறுந்ததா பதிவாகும். நாங்களே கூப்பிட்டு மறுபடி முதல்லேருந்து கேப்போம். அடுப்புலேருந்து." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். நேத்து ஒருத்தர் சோளக் கஞ்சிய ஊத்தச் சொன்னாரு. அதையும் எழுதிக்கிட்டோம்."

"வெடிய வெச்சு மூடித் தொலைங்க!"

எழுத்துகள் தட்டப்படும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வெடிமருந்து சார்?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு டன்."

"வெடிமருந்துல முன் அனுபவம் உண்டா?"

ஒவீட்டுக்குப் பொய் சொல்ல வராது. பத்தொன்பது வயதில் அவர் பூமியில் வெடி வைத்து எண்ணெய் தேடும் கூட்டத்தோடு இரண்டு குளிர்காலம் போயிருந்தார். வெடிப்பெட்டியைத் தோளில் சுமந்து இடுப்பளவு சேற்றில் நடந்து, குழிக்குள் இறக்கிவிட்டு வருவது வேலை. வெடிக்கவைப்பதை வேறு ஆட்கள் செய்தார்கள்.

"உண்டு," என்றார்.

"ரொம்ப நன்றி சார். உங்க யோசனை எண் பதினாலாயிரத்து எண்ணூத்தி ஆறு."

"வேலி?"

"திரை நகந்துடுச்சு சார்," என்றாள் டேனா.

மூன்றாம் நாள் ஒரு வெள்ளை வண்டி வந்தது. கூடவே ஒரு கடிதம். வெடிவழி அடைப்பு ஆய்வுக் குழுவின் வல்லுநர் உறுப்பினராக ஒவீட் ஷெராமி நியமிக்கப்பட்டிருந்தார். தெற்குக் காற்று இன்னும் எழவில்லை.

எர்லின் அவர் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"மொதல்ல வேலியக் கேளு," என்றாள். "வெடியப் பத்தி அவனுங்களே பேசட்டும். நீ வாயத் தொறந்து ஒரு டன்னு சொன்னதே போதும்."

"கோவத்துல சொன்னேன்."

"கோவத்த எழுதறதுக்கு அவனுங்ககிட்ட கட்டம் இல்ல போலருக்கு."

மையம் எங்கள் வட்டாரத்தின் பழைய விளையாட்டுக் கூடத்தில் இருந்தது. பந்தை உருட்டிக் குப்பிகளைச் சாய்க்கிற கூடம். குளிர்பதனம் உள்ள பெரிய கட்டடம் அது ஒன்றுதான். பன்னிரண்டு உருட்டுப் பாதைகள். பாதைக்கு ஒரு துறை. இரண்டாம் பாதை மிதவை வேலி. மூன்றாம் பாதை வரைபடம். ஏழாம் பாதை வெடிமருந்து. பளபளப்பான மரத்தரை கெடக்கூடாது என்பது வாடகை ஒப்பந்தம். எல்லோரும் கூடத்தின் காலணியைத்தான் போடவேண்டும். பாதி சிவப்பு, பாதி நீலம், குதிகாலில் அளவு எண். அரசின் சார்பில் மையத்துக்குத் தலைமை தாங்கிய கமாண்டர் ரூத் ஸ்டக்கியின் மார்பில் பதினொரு பதக்கங்கள் இருந்தன. குதிகாலில் ஒன்பது.

வாசலில் ஒரு பதிவேடு. பதினோரு பக்கம்.

"என்ன எழுதியிருக்கு?"

"எல்லாரும் போடறதுதான் சார்," என்றான் வாசல்காரன். ஒவீட் கையெழுத்துப் போட்டார்.

குழுவுக்குத் தலைவர் பிரென்டன் விட்லோ. கம்பெனியின் துணைத் தலைவர். கடலையே பார்க்காதவர் போல வெளுப்பாக இருந்தார். கூட்டம் வழக்கப்படி பாதுகாப்பு வார்த்தையோடு தொடங்கியது. முதலில் வெளியேறும் வழிகளைக் காட்டினார்கள். பிறகு ஓர் இளம் அதிகாரி எழுந்து, முந்தின நாள் விடுதியில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியதாகவும் அதனால் விழவில்லை என்றும் சொன்னார். கைதட்டினார்கள்.

அப்போது ஒவீட்டின் காப்பிக் கோப்பைக்கு மூடி இல்லை என்பதை ஒருவர் கவனித்தார்.

கூட்டம் நின்றது. மூடி கொண்டுவர ஆள் போனான். அளவு பொருந்தவில்லை. வேறு மூடி வந்தது. நடந்ததை ஒருவர் எழுதிக்கொண்டார். ஒவீட் அதற்கும் கையெழுத்துப் போட்டார். எல்லாம் பதினாறு நிமிடத்தில் முடிந்தது.

"மூடி விஷயத்துல நாங்க சமரசம் பண்றதில்ல," என்றார் விட்லோ புன்னகையோடு.

சுவரில் ஒரு பலகை இருந்தது. விபத்தில்லா நாட்கள்: 44.

பிறகு டெல்மர் பைக் என்ற பொறியாளர் பேசினார். நாற்பது வருடம் கிணறு தோண்டியவர். எழுந்திருக்கக்கூட இல்லை.

"அடியில இருக்குறது குழைஞ்ச சேறு. குழாய் ஏற்கெனவே விரிஞ்சிருக்கு. வெடி வெச்சா பாறையும் விரியும். இப்ப ஒரு ஓட்டை. அப்புறம் எண்ண முடியாது. அவ்வளவுதான்."

"நன்றி டெல்மர். அது ஒரு கருத்து," என்றார் விட்லோ. பிறகு எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, நமக்குள்ள நேர்மையாப் பேசுவோம். கம்பெனி எந்த வழியையும் ஒதுக்கல. வெடிவழிய விரும்பலங்கறது வேற, ஒதுக்கறதுங்கறது வேற. ஏன் விரும்பல? வெடி வெச்சா கிணறு செத்துப்போயிடும். நாம கிணத்த மூடணும்னு சொல்றோம். மூடறதுன்னா என்ன? மறுபடி திறக்குற மாதிரி மூடறது. அதுல எவ்வளவு எண்ணெய் இருக்கு தெரியுமா? இப்ப வீணாப் போறது ஒண்ணுமே இல்ல. ஆனா டிவியில தினமும் கேக்குறாங்க, ஏன் வெடி வைக்கலன்னு. அதனால வெடிவழிய ஆராயற மாதிரி காட்டணும். மன்னிக்கணும். ஆராயணும்."

குறிப்பெழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாவத எழுதுங்க," என்றார் விட்லோ.

கமாண்டர் ஸ்டக்கி அரசின் நிலையை விளக்கினார்.

"நாங்க கம்பெனிய மிகக் கடுமையா கண்காணிக்கறோம். அவங்க என்ன சொல்றாங்கன்னு தினமும் காலையில கவனமா கேட்டுக்கறோம். சாயந்திரம் அதையே ஜனங்களுக்குச் சொல்றோம். இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூட மாறினதில்ல. அந்த அளவுக்குக் கண்காணிப்பு."

ஒவீட் கையைத் தூக்கினார். "அம்மா, எனக்கு மூவாயிரம் அடி வேலி—"

"அது ரெண்டாம் பாதை," என்றார் கமாண்டர்.

இடைவேளையில் ஒவீட் இரண்டாம் பாதைக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"நீங்க ஏழு சார்."

"வேலி கேக்க வந்தேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு பாதைதான். நீங்க வெடிமருந்து. வெடிமருந்துக்காரங்க வேலி கேட்டா ரெண்டு துறையும் குழம்பிடும்ல?"

"அப்ப என் பொண்டாட்டிய அனுப்பறேன்."

"உங்க முகவரிய ஏழுக்கு மாத்தியாச்சு. முகவரியோட சேத்து வீட்ல உள்ள எல்லாரும் ஏழுதான்." குமாஸ்தாவுக்கு இரக்கமாக இருந்தது. "வரைபடத்துல போய்ப் பாருங்க. உங்க இடம் பச்சையா இருந்தா வேலி தானா வரும்."

மூன்றாம் பாதையில் ஒரு பெண் பெரிய வரைபடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவீட்டின் படுகை சிவப்பாக இருந்தது.

"ஏம்மா சிவப்பு? அங்க இன்னும் எண்ணெய் வரலியே."

"அங்க வேலி இல்ல சார். வேலி இல்லாத இடத்துக்கு எண்ணெய் வரும். எண்ணெய் வர்ற இடம் சிவப்பு."

"அப்ப வேலி போடுங்க."

"சிவப்புக்கு வேலி கிடையாது சார். போன இடத்துல போட்டு வீணாக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"இன்னும் போகலம்மா. இன்னைக்குக் காலையிலகூட சிப்பி எடுத்தேன்."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இதுல போயிடுச்சு சார்," என்றாள்.

ஊரில் ஒவீட் பெரிய ஆளாகிவிட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் படகுத்துறையில் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'வெடிவல்லுநர்' என்று பெயருக்குக் கீழே போட்டார்கள். அவர் ஒவ்வொரு முறையும் வேலியைப் பற்றித்தான் சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதி நேரமின்மையால் வெட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு லோய் இறால் படகுக்காரர். வியட்நாமிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். எங்களைவிட நன்றாக எங்கள் பேச்சைப் பேசுவார். இறால் பிடிக்கத் தடை வந்ததும் கம்பெனி அவர் படகையும் அவரையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருந்தது. அதிகாரிகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது வேலை.

"அண்ணே, ஒரு டன் வேண்டாம்ணே. அரை டன் போதும்," என்றார் லோய் வீட்டு வேலிக்கு மேலாக. "மீதிய விட்லோ நாக்காலிக்கு அடியில வை."

"போடா."

"நெசமாத்தான். அவரு இன்னைக்கு என் படகுல ஏறுனாரு. கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் விடவே இல்ல. படகு கரையிலதான் கட்டியிருந்துச்சு."

எர்லின் அரிசியும் சிவப்பு பீன்சும் கொண்டுவந்து வைத்தாள். அன்று திங்கட்கிழமை; எங்கள் ஊரில் திங்கள் என்றால் அதுதான் சாப்பாடு.

"சிரிச்சது போதும்," என்றாள். "வேலி என்னாச்சு?"

ஒவீட் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மூன்றாம் வாரக் கூட்டத்தில் விட்லோ மகிழ்ச்சியாக இருந்தார். ஆராய்ந்தால் மட்டும் போதாது, ஆராய்வது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஆகவே ஒரு சோதனை வெடிப்பு. ஆழம் குறைந்த நீர். படம் எடுக்க வசதியான வெளிச்சம். நான்கு நிபந்தனைகளைத் திரையில் போட்டார்கள். அடி சேறாக இருக்கவேண்டும். சேற்றில் பழைய எண்ணெய்க் குழாய் ஒன்று நிற்கவேண்டும். வரைபடத்தில் சிவப்பாக இருக்கவேண்டும். உரிமையாளர் சம்மதிக்கவேண்டும்.

"நாலும் பொருந்துற இடம் ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றார் விட்லோ.

திரையில் ஒவீட்டின் படுகை வந்தது.

அதன் நடுவில் ஒரு குழாய் நின்றது உண்மை. நாற்பது வருடத்துக்கு முன் யாரோ தோண்டி, யாரோ அடைத்து, யாருமே திரும்பி வராத கிணறு. எங்கள் சதுப்பில் அப்படி எத்தனையோ உண்டு. அதன் மேல் கூழைக்கடா உட்காரும். ஒவீட் அதற்குப் படகைக் கட்டுவார்.

"அது என் படுகை," என்றார் ஒவீட்.

"அதான் அழகு!" என்றார் விட்லோ. "யோசனை சொன்னவரே இடத்தையும் தர்றாரு. இந்த மக்களோட மனசு பெரிசுன்னு நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்."

"நான் தரல."

கமாண்டர் ஸ்டக்கி பதிவேட்டைப் புரட்டினார். "ஒன்பதாம் பக்கம். மீட்புப் பணிக்குத் தேவைப்பட்டால் என் நீர்நிலத்தைத் தரச் சம்மதிக்கிறேன். கீழ உங்க கையெழுத்து. பதினாலு தடவ போட்டிருக்கீங்க. வந்த ஒவ்வொரு நாளும்."

"அங்க மூணு வருஷச் சிப்பி கெடக்குதும்மா. உசுரோட."

"வரைபடத்துல இல்ல," என்றார் கமாண்டர்.

"அப்ப என் யோசனைய நான் திருப்பி வாங்கிக்கறேன். பதினாலாயிரத்து எண்ணூத்தி ஆறு. வேண்டாம்."

யாரும் இதுவரை யோசனையைத் திருப்பிக் கேட்டதில்லை. விட்லோ கமாண்டரைப் பார்த்தார்.

"திருப்பி வாங்கறது எட்டாம் பாதை," என்றார் கமாண்டர். "அது இன்னும் திறக்கல."

எட்டாம் பாதையில் ஒரே ஒரு நாற்காலி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

வெளியே வண்டி நிறுத்தத்தில் டெல்மர் பைக் புகைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்துக்கு நூறடி தள்ளி, கோடு போட்ட சதுரத்துக்குள்.

"அந்தப் பழைய குழாய்ல உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் ஒவீட்.

"யாருக்குத் தெரியும்? காகிதம் இல்ல. வெடிச்சா என்ன ஆகும்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"படம் போட்டு மறுபடி சொல்லச் சொன்னாங்க. போட்டேன். நிறம் நல்லாருக்குன்னாங்க."

புதன்கிழமை காற்று எழுந்தது. தெற்கிலிருந்து அல்ல. மேற்கிலிருந்து. இரண்டு நாள் விடாமல் அடித்தது. எண்ணெய் விரிகுடாவின் வாயை விட்டு விலகிக் கிழக்கே பன்னிரண்டு மைல் போய்விட்டது. ஒவீட் மையத்துக்கு ஓடினார். காலணி மாற்றிக்கொண்டு வரைபடத்துக்கு ஓடினார்.

"போயிருச்சும்மா! வரல! பச்சை அடி!"

"வரைபடம் திங்கட்கிழமைதான் மாத்துவோம் சார்."

சோதனை சனிக்கிழமை.

சனிக்கிழமை விடியும்போது ஒவீட் வீட்டுப் படகுத்துறையில் நின்றார். விரிகுடாவில் நான்கு படகுகள் நின்றன. அவற்றிலிருந்து ஆட்கள் எதையோ நீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறம். புதுசு. சூரியன் பட்டு எரிந்தது. அடி அடியாக, மிதவை மிதவையாக, அது அவருடைய படுகையின் ஓரக் கம்பங்களைச் சுற்றிப் போயிற்று.

ஒவீட் தொப்பியைக் கழற்றினார்.

"எர்லின்!" என்று கத்தினார். "வேலி! வேலி வந்துருச்சு! மூவாயிரம் கேட்டா ஒம்பதாயிரம் அடி போடறான்!"

எர்லின் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தோடு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப எதுக்குய்யா போடறான்?" என்றாள். "எண்ணெய்தான் போயிருச்சே."

ஒவீட் படகை எடுத்துக்கொண்டு போனார். வேலியை இறக்குகிற ஆளிடம் கேட்டார்.

"வெடிச்சதும் செத்த மீனு, ஓட்டுத் துண்டெல்லாம் வெளிய போயிடக் கூடாதுல்ல?" என்றான் அவன். "வெளியில இருக்குறது எல்லாம் பச்சையாம். கடலப் பாதுகாக்கணும்ல பெரியவரே?"

அவன் வேலியின் கடைசிக் கண்ணியைப் பூட்டுவதற்குள் ஒவீட் படகை உள்ளே விட்டார். நேராகக் குழாய்க்குப் போனார். நங்கூரத்தைப் போட்டார். இஞ்சினை அணைத்துவிட்டு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. கமாண்டரின் குரல்.

"திரு. ஷெராமி. மேடையில உங்க நாக்காலி காலியா இருக்கு. யோசனை தந்தவர் முதல் வரிசையில இருக்கணும்."

ஒவீட் அசையவில்லை.

"திரு. ஷெராமி. நீங்க உயிர்காப்பு உடுப்பு போடல. இது கடுமையான பாதுகாப்பு மீறல். பலகையில இருக்குற எண்ணுக்கே ஆபத்து."

ஒரு மணி நேரம் பேசினார்கள். உடுப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்காரலாமா என்ற கேள்வி எழுந்து, கூடாது என்று முடிவாயிற்று. பிறகு லோயை அனுப்பினார்கள். லோய் தன் படகை மெல்லக் கொண்டுவந்து ஒட்டினார். சிரிக்கவில்லை.

"அண்ணே, நங்கூரத்த எடு."

"நீயாடா வந்த?"

"நான் வரலன்னா வேற ஒருத்தன் வருவான். அவன் உன் படகு ஓரத்த ஒடைச்சு இழுத்துட்டுப் போவான். நான் மெதுவா இழுப்பேன்."

"கீழ பாருடா. முட்டிக்கிட்டு கெடக்குது. இந்த வருஷம் மாதிரி வந்ததே இல்ல."

"தெரியும்ணே."

"ஒரு வாரம் குடுத்தா எல்லாத்தையும் அள்ளி வேற எடத்துல கொட்டிருவேன். அதச் சொன்னியா?"

"சொன்னேன். சிவப்பு எடத்துலேருந்து பச்சை எடத்துக்கு எதையும் கொண்டுபோகக் கூடாதாம்." லோய் கயிற்றை நீட்டினார். "எடுண்ணே. புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நான் இந்த வேலையிலதான் கட்டறேன்."

ஒவீட் நங்கூரத்தைத் தூக்கினார். அதன் கொக்கியில் ஒரு கொத்துச் சிப்பி மாட்டிக்கொண்டு வந்தது. கெட்டியாக மூடியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லோய் மெதுவாகத்தான் இழுத்தார்.

மேடை ஒரு பெரிய தட்டைப் படகின் மேல் போடப்பட்டிருந்தது. நூறு நாற்காலி. பாதுகாப்பு வார்த்தை சொல்லப்பட்டது. வெளியேறும் வழி நான்கு பக்கமும் கடல் என்று காட்டப்பட்டது. பிறகு பனிக்கட்டிமேல் பரப்பிய சிப்பிகள் தட்டுத் தட்டாக வந்தன. விட்லோ ஒன்றை எடுத்து எலுமிச்சை பிழிந்தார்.

"நம்ம கடல் உணவுமேல எங்களுக்கு முழு நம்பிக்கை," என்றார் கேமராக்களைப் பார்த்து. விழுங்கினார். அவை மூவாயிரம் மைலுக்கு அப்பால் வேறு கடலிலிருந்து விமானத்தில் வந்தவை. பெட்டியில் எழுதியிருந்தது. ஒவீட்டின் பக்கமும் ஒரு தட்டு வந்தது. அவர் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு வெடித்தது.

பெரிய சத்தம் இல்லை. நீர் ஒரு வெள்ளைத் தூணாக எழுந்து, யோசித்து, விழுந்தது. பிறகு சேறு. பிறகு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. பிறகு வெள்ளை வெள்ளையாக ஓடுகள், சில்லுச் சில்லாக, நுரையோடு சுழன்றன. எல்லாம் ஆரஞ்சு வேலிவரை போய் நின்றன. வேலி மிக நன்றாக வேலை செய்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்போது குழாய் நின்ற இடத்தில் குமிழிகள் வர ஆரம்பித்தன.

முதலில் தெளிவாக. பிறகு பழுப்பாக. பிறகு கறுப்பாக. நாற்பது வருடம் செத்துக்கிடந்த கிணறு. எண்ணெய் மெல்லப் படர்ந்து ஓடுகளின் மேல் ஏறியது. மேற்குக் காற்று அந்த வாசனையை மேடைக்குக் கொண்டுவந்தது.

டெல்மர் பைக் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

விட்லோ கமாண்டரின் காதில் ஏதோ சொன்னார். கமாண்டர் விட்லோவின் காதில் அதையே சொன்னார். பிறகு விட்லோ ஒலிவாங்கிக்குப் போனார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, இது ஒரு வெற்றிகரமான சோதனை. ஏன் வெடி வைக்கலன்னு நீங்க கேட்டீங்க. இப்ப உங்க கண்ணாலயே பாத்துட்டீங்க. வெடி வெச்சா ஒழுகும். இத நாங்க மொதல் நாள்லேருந்து சொல்லிக்கிட்டு வர்றோம். பொதுமக்கள் யோசனை தப்புன்னு அறிவியல்படி நிரூபிச்சிருக்கோம். அதனால நடுக்கடல் கிணத்துக்கு வெடிவழி கிடையாது. குழு இத்தோட கலைக்கப்படுது. ஒண்ணு கவனிச்சீங்களா? வேலிக்கு வெளிய ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. ஒரு சொட்டு இல்ல! யாருக்கும் ஒரு கீறல் இல்ல. இந்த முயற்சிக்குக் காரணமான திரு. ஒவீட் ஷெராமிக்கு நாம எல்லாரும் எழுந்து நின்னு நன்றி சொல்லணும்."

நூறு பேர் எழுந்து நின்றார்கள். கேமராக்கள் திரும்பின. யாரோ ஒலிவாங்கியை ஒவீட்டின் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள்.

ஒவீட் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் முன்பக்கம் சிப்பியின் சேறு ஒட்டியிருந்தது. வேலிக்குள் குமிழி பெரிதாகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். விட்லோவைப் பார்த்தார். கமாண்டரைப் பார்த்தார்.

"இத யாரு சார் மூடுவா?"